தட்டித் தட்டி வந்த தூக்கம்

எனக்குச் சம்பளம் தர்றதே தட்டறதுக்குத்தான். ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல இரும்பு வார்ப்புச் சாமான் செய்யற ஒரு கம்பெனி. அச்சுல வார்த்து எடுத்த இரும்புல ஓரமெல்லாம் பிசிறு நீட்டிக்கிட்டு இருக்கும். அதைத் தேய்ச்சு எடுக்க ஒன்பது கிரைண்டிங் மிஷின். மிஷின்ல மாட்டற வட்டக் கல்லு ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டை விட அகலம், ஆறேழு கிலோ கனம். அதை மிஷினுக்குக் கொடுக்கறதுக்கு முன்னால தட்டிப் பார்த்து, நல்ல கல்லா, விரிசல் விட்ட கல்லான்னு சொல்றது என் வேலை. பதினோரு வருஷமா ஸ்டோர் ரூம்ல இதைத்தான் செய்யறேன்.

பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. கல்லோட நடு ஓட்டையில ஒரு உருட்டுக் கட்டையை விட்டுத் தொங்க விடணும். சின்ன மரச் சுத்தியால இந்தப் பக்கம் நாலு இடம், அந்தப் பக்கம் நாலு இடம் மெதுவாத் தட்டணும். நல்ல கல்லு கணீர்னு பேசும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், டொக்குனு அடைச்சுக்கும். கண்ணால பார்த்தா ஒண்ணும் தெரியாது. தெரியாம மாட்டிட்டா, சுத்தற வேகத்துல கல்லு வெடிக்கும். வேற ஒரு கம்பெனியில அப்படி வெடிச்சு, கூரைத் தகரத்தையே கிழிச்சுக்கிட்டுப் போச்சுன்னு அங்கே இருந்து வந்த ஃபிட்டர் ஒருத்தர் சொன்னார். முன்னால நின்ன ஆளு என்ன ஆனார்னு கேட்டேன். அவர் டீயைக் குடிச்சுட்டு எழுந்து போயிட்டார்.

தேறின கல்லு மேல ஒட்டியிருக்கற காகிதத்துல சிவப்புப் பென்சிலால ஒரு டிக் போடுவேன். என் டிக் இருந்தா ஆபரேட்டருங்க கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவாங்க. அதுல எனக்கு ஏகப்பட்ட கர்வம், ஒத்துக்கறேன். சாயங்காலம் வரைக்கும் கேளுங்க, காலையில தட்டின கல்லு ஒவ்வொண்ணும் எப்படிப் பேசுச்சுன்னு வரிசையாச் சொல்லுவேன்.

தினமும் முதல் ஆளா என் ஜன்னல்ல வந்து நிக்கறவர் நஞ்சன்கூட்டுலருந்து வர்ற ஆபரேட்டர். எங்க கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்ச் சனம்தான். முப்பத்தஞ்சு வயசு, எல்.கே.ஜி. போற பொண்ணு ஒண்ணு. வாய் சும்மா இருக்காது.

"என்னக்கா, பூஜை முடிஞ்சுதா? மணி அடிச்சாச்சா?"

"முடிஞ்சுது. பிரசாதத்தை வாங்கிட்டு ஓடு" அப்படின்னு கல்லைத் தூக்கிக் கொடுப்பேன்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு வயசு ஐம்பத்தொண்ணு. மாதவிடாய் நின்ன நாள்லருந்து தூக்கம் என்னை விட்டுப் போச்சு. உடம்பு கொதிக்கும், மனசு எங்கெங்கேயோ ஓடும். தூக்கம் கெட்டதுல கோபம் இன்னும் ஏறிப் போச்சு. குக்கர் விசில் அடிச்சாக் கூட அதைத் திட்டுவேன். வீட்டுல நானும் மகளும் மட்டுந்தான். திட்டு முழுக்க அவ தலையிலதான் விழும்.

மகளுக்கு ஐ.டி. கம்பெனியில வேலை. காலையில கம்பெனி பஸ் ஏறினா சாயங்காலம்தான் இறங்குவா. அவ தமிழ்ல பாதி கன்னடம். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு நான் புரண்டுக்கிட்டுக் கிடக்கறதைப் பார்த்துட்டு, அவ இயர்போனைக் கொண்டு வந்து என் காதுல மாட்டினா.

"அம்மா, சும்னே கோபம் பண்ணாதே. அஞ்சு நிமிஷம் கேளு, அஷ்டே, அவ்வளவுதான்."

போன்ல ஒரு பொண்ணோட கை மட்டும் தெரிஞ்சுது. நீள நகம். மரப்பெட்டி மேல, கண்ணாடி பாட்டில் மேல, அட்டை டப்பா மேல நகத்தால டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டே இருந்தா. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

"இதென்னடி கூத்து? நாள் பூரா நான் தட்டறது பத்தாதா?"

"இது ஏ.எஸ்.எம்.ஆர். அம்மா. டேப்பிங் சவுண்ட், தட்டற சத்தம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறாங்க. ரிலாக்ஸ் ஆகும்."

ரேஷன் கார்டுல இருக்கற மாதிரி நாலு எழுத்தைச் சொன்னா நான் மயங்கிடுவேனான்னு இன்னும் ரெண்டு வார்த்தை திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வெளியே வரலை. பிடரியில என்னமோ ஊர்ந்துது. பேன் பார்க்கும்போது தலையில ஒரு சுகம் வருமே, அது. பிடரியிலருந்து தோள் வரைக்கும் இறங்கி, தாடையைத் தளர்த்தி, கண்ணை இழுத்துச்சு. முழிச்சப்போ மணி அஞ்சரை. தலையணையில எச்சில். மகள் வாசல்படியில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தா.

அன்னையிலருந்து நான் அதுக்கு அடிமை. படுக்கும்போது கேப்பேன். காலையில ஹெப்பாளுக்கு வர்ற சிட்டி பஸ்லயும் காதுல மாட்டிக்கிட்டு வருவேன். மரத்துல தட்டறது எனக்கு ரொம்பப் பிடிக்கும், பீங்கான் அதை விடப் பிடிக்கும். மூணு வாரத்துல என் மூஞ்சியே தெளிஞ்சு போச்சு. குக்கரைத் திட்டறதை விட்டேன். நஞ்சன்கூட்டுக்காரர் கூட, "என்னக்கா, இப்பல்லாம் பிரசாதத்தைச் சிரிச்சுக்கிட்டே தர்றீங்க, ஏதாவது விசேஷமா?"ன்னு கேட்டார். "உனக்கெதுக்குடா அது, வேலையைப் பாரு"ன்னு சொன்னேன்.

அந்தப் புதன்கிழமை காலையில புதுப் பெட்டி ஒண்ணைப் பிரிச்சேன். நாலு கல்லு. முதல் கல்லைத் தொங்க விட்டுத் தட்டினேன். கணீர். எட்டு தட்டும் கணீர். டிக் போட்டேன். ரெண்டாவதை எடுத்தேன். ஸ்டோர்ல சத்தம் வரக் கூடாதுன்னு நான் சண்டை போட்டுக் கனமான கதவு வாங்கி வச்சிருக்கேன், அதனால உள்ளே அவ்வளவு அமைதி. வேலை அது பாட்டுக்கு நடந்துச்சு. நாலு கல்லுலயும் டிக். ஸ்டாண்டுல வரிசையா நிக்க வச்சேன். ஒன்பதரை இருக்கும், நஞ்சன்கூட்டுக்காரர் வந்தார், முன்னால நின்ன கல்லை வாங்கிக்கிட்டுப் போனார். டீ இடைவேளைக்கு முன்னாலயே மாட்டி வச்சுடறேன், வந்ததும் ஓட்டலாம்னு சொல்லிட்டுப் போனார்.

பத்து மணிக்குக் கேன்டீன்ல உக்காந்திருக்கேன். எதிர்ல பேக்கிங் பொண்ணு ஒருத்தி, யார்கிட்டயோ பேசிக்கிட்டே, எவர்சில்வர் டம்ளர் மேல நகத்தால தட்டிக்கிட்டு இருந்தா. என் பிடரியில அந்தச் சுகம் ஊர்ந்துது. ஆஹான்னு கண்ணை மூடினேன்.

மூடினதும் திக்குனு ஆச்சு. இதே சுகம் காலையில ஸ்டோர்லயும் வந்துதே.

நல்லா யோசிச்சுப் பார்த்தேன். முதல் கல்லு பேசினது ஞாபகம் இருக்குது. ரெண்டாவது? தோள் தளர்ந்தது ஞாபகம் இருக்குது. கை தட்டினது ஞாபகம் இருக்குது. கல்லு என்ன பேசுச்சுன்னு ஞாபகம் இல்லை. மூணாவது, நாலாவது சுத்தமா இல்லை. சிவப்புப் பென்சில் காகிதத்துல வழுக்கினது மட்டும் இருக்குது. நான் என் சுத்தி சத்தத்தையே தாலாட்டா வச்சுக்கிட்டு நின்னபடி தூங்கியிருக்கேன். முன்னால நின்ன கல்லு எது? முதல் கல்லா, கடைசிக் கல்லா? நான் எந்த வரிசையில வச்சேன்?

பெல் அடிச்சுது. ஷெட்ல மிஷினுங்க ஒண்ணொண்ணா எழும்பற சத்தம் கேட்டுது.

ஓடினேன். டம்ளர் எங்கே விழுந்துதுன்னு தெரியாது. சேஃப்டி ஷூ போட்டுக்கிட்டு ஐம்பத்தொரு வயசுல ஓடினா எப்படி இருக்கும்? கேன்டீன்லருந்து ஷெட்டுக்கு நூறு அடி. அவர் மிஷின் கடைசி வரிசை. வாசல்லயே கத்தினேன், "தம்பி, நிறுத்து!" அந்த இரைச்சல்ல என் சத்தம் எனக்கே கேக்கலை. அவர் முதுகு தெரிஞ்சுது. கல்லு முழு வேகத்துல சுத்திக்கிட்டு இருந்துது. புதுக் கல்லு மாட்டினா ஒரு நிமிஷம் சும்மா ஓட விட்டுட்டு, ஒதுங்கி நிக்கணும்னு சட்டம். அவர் ஒதுங்கலை. கல்லுக்கு நேரா குனிஞ்சு, தேய்க்கப் போற இரும்பைத் தொட்டியிலருந்து எடுத்துக்கிட்டு இருந்தார்.

சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால அறைஞ்சேன். இன்னொரு கையால அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். ரெண்டு பேரும் தூண் ஓரமாப் போய் விழுந்தோம்.

பொத்தானை அழுத்தினா கரண்ட்தான் நிக்கும். கல்லு உடனே நிக்காது. அது பாட்டுக்குச் சுத்திச் சுத்திதான் அடங்கும். அவர் "பைத்தியமா அக்கா உங்களுக்கு?"ன்னு எழுந்திரிச்சார், நான் விடலை, சட்டையை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். கல்லையே பார்த்துக்கிட்டு இருந்தேன். வெடிச்சுடாதே, வெடிச்சுடாதே, இவனுக்குச் சின்னப் பொண்ணு இருக்குது. அந்த ஒரு நிமிஷத்துல நான் கும்பிடாத சாமி இல்லை. காகிதத்துல இருந்த டிக் முதல்ல சிவப்பு வளையமாத் தெரிஞ்சுது, அப்புறம் கோடாத் தெரிஞ்சுது, அப்புறம் கல்லு நின்னுச்சு.

சூப்பர்வைசர் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனுஷன்தான், ஆனா டிஸ்பாட்ச், சரக்கு அனுப்பறதுன்னு வந்தா அவருக்கு அப்பா அம்மா கிடையாது. வாசல்ல லாரி வேற நின்னுக்கிட்டு இருந்துது.

"என்னம்மா இது? யார் மிஷினை நிறுத்தினது?"

"நாந்தான் சார். இந்தக் கல்லைக் கழட்டச் சொல்லுங்க."

"டிக் இருக்குதே."

"இருக்குது. நான் போட்டதுதான். ஆனா தட்டினப்போ நான் கவனிக்கலை. தூங்கிட்டேன்."

"நின்னுக்கிட்டேவா?"

"நின்னுக்கிட்டேதான்."

பக்கத்து மிஷின்காரர் ஒருத்தர் சிரிச்சுட்டார். எனக்கு மானம் போச்சு. வேற நாளா இருந்தா அவரை அங்கேயே கிழிச்சுத் தொங்க விட்டிருப்பேன். 

கல்லைக் கழட்டி ஸ்டோருக்குக் கொண்டு வந்தோம். நான், நஞ்சன்கூட்டுக்காரர், சூப்பர்வைசர், மூணு பேர். கதவைச் சாத்தினேன்.  சுத்தியை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தட்டினேன். கணீர். எட்டு தட்டும் கணீர்.

நஞ்சன்கூட்டுக்காரர் மூச்சை விட்டார். உடனே வாயும் திறந்துடுச்சு. "பார்த்தீங்களா? நல்ல கல்லுக்கு என்னைத் தரையில உருட்டிட்டீங்க. அக்கா, உங்களுக்கு லீவு வேணும்." சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார், கதவுப் பக்கம் திரும்பினார்.

"இருங்க சார். மத்ததையும் பார்த்துடறேன்" அப்படின்னேன்.

ஸ்டாண்டுல அந்தக் கல்லுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்ததை எடுத்துத் தொங்க விட்டேன். முதல் தட்டு.

டொக்.

 வேற இடத்துல தட்டினேன். டொக். திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் தட்டினேன். பானை மூடியைத் தட்டின மாதிரி இருந்துச்சு. நஞ்சன்கூட்டுக்காரர் என் கையிலருந்து சுத்தியை வாங்கித் தானே தட்டினார். ஒரு தடவை, ரெண்டு தடவை. அப்புறம் காகிதத்துல இருந்த சிவப்பு டிக் மேல விரலை வச்சார். அவர் அன்னைக்குக் கையை ஒரு சாண் உள்ளே விட்டு எடுத்திருந்தா, இதுதான் அவருக்கு முன்னால சுத்தியிருக்கும்.

"அக்கா"ன்னார். சத்தமே இல்லாத குரல். "போன வருஷம் நானும் ஒரு தடவை தட்டிப் பார்க்கறேன்னு வந்தேன். நீங்க என் கையிலருந்து சுத்தியைப் புடுங்கினீங்க. என் டிக் மேல சந்தேகமாடான்னு கேட்டீங்க. எல்லார் முன்னாலயும்."

கேட்டேன். உண்மைதான். கொடுக்கறவங்களும் தட்டணும், மாட்டறவங்களும் தட்டணும்னு ஷெட் சுவத்துல கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும் போர்டே இருக்குது. கர்வம் பிடிச்ச கழுதை நான், அதை ஒழிச்சுக் கட்டினது நாந்தான். அதுக்கப்புறம் ஒரு ஆபரேட்டர் கூட என் கல்லைத் திருப்பித் தட்டினதில்லை.

சூப்பர்வைசர் நெத்தியைத் துடைச்சுக்கிட்டார். "சரி. நடந்தது நடந்துடுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகலை. இந்தப் பெட்டியை ஓரமா வச்சுடலாம். இன்னைக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை, கவனம் தப்பிடுச்சு, அவ்வளவுதானே? இன்னைக்கு மட்டுந்தானே அம்மா?"

கேட்டுக்கிட்டே தலையை ஆட்டினார். ஆமான்னு சொல்லுன்னு அவர் தலையே எனக்குச் சொல்லிக் கொடுத்துச்சு. நான் ஆமான்னு சொன்னா அவர் லாரி கிளம்பிடும், என் வேலையும் தப்பிக்கும். கான்ட்ராக்ட் வேலை, வருஷா வருஷம் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாத்தான் உண்டு. அந்த ஆளு இவர்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் எட்டு மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எட்டுலயும் என் டிக். நேத்து தட்டினப்பவும் அந்தச் சுகம் லேசா இருந்துச்சு. முந்தாநாளும் இருந்துச்சு. போன வாரமும். நான்தான் அதைத் தூக்கம் நல்லா வர்றதோட தெம்புன்னு நினைச்சு ரசிச்சுக்கிட்டு இருந்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு. உண்மையைச் சொல்றேன், வேலை போயிடும்ங்கற பயம்தான் முதல்ல வந்துச்சு, வெளியே எட்டு பேர் நிக்கறாங்கங்கற பயம் ரெண்டாவதாத்தான் வந்துச்சு. அந்த வரிசையை நினைச்சா இன்னைக்கும் என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்குது.

"இல்லை சார்"னு சொன்னேன். "மூணு வாரமா."

"யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சுட்டேன் சார். மூணு வாரமா நான் டிக் போட்ட எந்தக் கல்லுக்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது. எல்லா மிஷினையும் நிறுத்துங்க. நீங்க நிறுத்தலைன்னா நான் போய் ஒவ்வொரு பொத்தானா அமுக்கறேன். அப்புறம் என்னை என்ன வேணா செய்ங்க."

ஓடிக்கிட்டு இருந்த எட்டு கல்லும் நல்லாத்தான் இருந்துச்சு. அதை இப்பவே சொல்லிடறேன், படிக்கறவங்களைப் பதற வைக்க எனக்கு இஷ்டமில்லை. அன்னைக்கு மத்தியானம் எல்லாத்தையும் கழட்டித் தூசி தட்டி, குவாலிட்டி ஆளு ஒருத்தர் பக்கத்துல நிக்க, ஒண்ணொண்ணா நானே தட்டினேன். லாரி சாயங்காலம்தான் போச்சு. எனக்கு ஒரு வாரம் சம்பளமில்லாத லீவு, கையில ஒரு மெமோ. வேலையை எடுக்கலை. ஏன்னு நான் கேக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து மகள்கிட்ட சொன்னப்போ அவ அழுதா, தப்பு அவளோடதுன்னு நினைச்சுட்டா. உன் மேல ஒரு தப்பும் இல்லைடி, நீ நல்லதுக்குத்தானே செஞ்சேன்னு அவளைத் தேத்தவே எனக்கு அந்த வாரம் சரியாப் போச்சு. இயர்போனைத் திருப்பிக் கொடுத்துட்டேன். இப்போ மறுபடியும் தூக்கம் இல்லை, மறுபடியும் குக்கரைத் திட்டறேன்.

ஆனா இதெல்லாம் பின்னால நடந்தது. எனக்கு அந்த நாள்னு சொன்னா ஞாபகம் வர்றது மிஷினுங்களை நிறுத்தின அந்தக் கொஞ்ச நேரம்தான்.

சூப்பர்வைசர் கையைத் தூக்கிக் காட்ட, ஒவ்வொருத்தரா நிறுத்தினாங்க. கல்லுங்க ஒண்ணொண்ணா அடங்குச்சு. பதினோரு வருஷத்துல வேலை நேரத்துல அந்த ஷெட் அப்படி அமைதியா இருந்து நான் பார்த்ததில்லை. ஆபரேட்டருங்க ஒண்ணும் புரியாம மிஷினை விட்டுத் தள்ளி நின்னாங்க. அப்புறம் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கேட்டு, சங்கதி தெரிஞ்சு, என்னைப் பார்த்தாங்க. யாரும் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், எனக்குத் திட்டு வாங்கவும் தெரியும், திருப்பித் தரவும் தெரியும்.

நஞ்சன்கூட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்க்கலை. என்னைத் தாண்டிப் போய், பக்கத்துக் கதவுக்கு வெளியே, படியில உக்காந்தார். போனை எடுத்தார். மணி பதினொண்ணு கூட ஆகலை, அந்த நேரத்துல அவர் வீட்டுக்குப் போன் பண்ணி நான் பார்த்ததே இல்லை. ஷெட் அமைதியா இருந்ததால ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுது.

"ஒண்ணுமில்லை, சும்மாதான் பண்ணேன்... பாப்பா ஸ்கூலுக்குப் போயிட்டாளா?... அழுதாளா?... ம்... என்ன சமையல்?... இல்லைம்மா, மிஷின் நிறுத்தியிருக்காங்க, அதான்... குரலுக்கு என்ன, குரல் நல்லாத்தான் இருக்குது... சும்மாதான் பண்ணேன்னு சொல்றேனில்ல... ஆமா. வந்துடுவேன். சாயங்காலம் வந்துடுவேன்."